முப்பது நாள் சராசரி

பட்டையைக் கையில் கட்டிக்கொள்ளச் சொல்லி அந்த முன்னூற்றுப் பன்னிரண்டு பெண்களையும் சம்மதிக்க வைத்தவள் ஜீவிதாதான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, பாவம் அந்த நர்ஸம்மா என்ன செய்வாள் என்று யாராவது உச்சுக் கொட்டினால் அவளுக்கே பிடிக்காது.

வெண்முகில் பனியன் கம்பெனி அவிநாசியிலிருந்து தெற்கே எட்டுக் கிலோமீட்டரில் இருந்தது. இருந்தது என்ன, இன்றைக்கும் இருக்கிறது. வாசலுக்குப் பக்கத்தில் ஒரு மருத்துவ அறை. அதில் ஒரு கட்டில், ஒரு பீரோ, ஜீவிதா. ஊசி ஏறிய விரலுக்கு மருந்து போடுவதும் மயங்கி விழுந்தவளுக்குச் சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக் கொடுப்பதுமாக ஒன்பது வருடம் ஓடியிருந்தது. தைக்கிறவர்கள் பத்து மணி நேரம் உட்கார்ந்தபடியே இருப்பார்கள். பாத்ரூம் போக நாளைக்கு இரண்டே டோக்கன். இரண்டே டோக்கன் என்றால் தண்ணீரை யார் குடிப்பார்கள்? காலையில் ஒரு டம்ளர் டீயோடு வந்தால் சாயங்காலம் வரைக்கும் உதட்டை நனைத்துக்கொண்டே ஓட்டிவிடுவார்கள். சரக்கு கப்பலேறும் வாரங்களில் மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரையையும் போட்டுக்கொள்வார்கள். போடச் சொல்லி யாரும் சொன்னதில்லை. போடாதே என்றும் யாரும் சொன்னதில்லை.

ஓவர்லாக் மிஷினில் சுமித்ரா என்று ஒருத்தி இருந்தாள். ஒருநாள் வந்து, இடது கால் கனக்கிறது, கெண்டைக்காலைத் தொட்டால் உயிர் போகிறது என்றாள். ஜீவிதா வலிக்குத் தடவும் களிம்பைக் கொடுத்து, ஒன்றும் ஆகாது, ராத்திரி காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துப் படு என்று அனுப்பினாள். மூன்றாம் நாள் சுமித்ரா மிஷின் மேலேயே கவிழ்ந்து விழுந்தாள். காலில் உறைந்த ரத்தக்கட்டி கிளம்பி நுரையீரலை அடைத்துவிட்டது. முப்பத்திரண்டு வயது. அதற்குப் பிறகு ஒன்றரை வருடத்தில் இன்னும் மூன்று பேர் அதே மாதிரி போனார்கள். அந்தக் களிம்புக் குப்பியை ஜீவிதா அதற்கப்புறம் கையால் தொடவில்லை.

அப்போதுதான் பட்டை வந்தது. கடிகாரப் பட்டை அகலம், சாம்பல் நிறம், உட்பக்கம் கண்ணுக்குத் தெரியாத ஊசிகள், தீர்ந்தால் மாற்றிப் போட ஒரு சின்ன மருந்துக் குப்பி. செய்த கம்பெனியிலிருந்து ஹேமநாத் என்கிற இளைஞன் மடிக்கணினியோடு வந்து கேண்டீனில் எல்லாரையும் உட்கார வைத்து விளக்கினான். பேச்சில் கெட்டிக்காரன். சென்னைப் பையன் என்றாலும் புரிகிற மாதிரி சொன்னான்.

"ரத்தம் உறையறதுக்குன்னே கல்லீரல் சில புரதங்களைச் செஞ்சு அனுப்புது. அது அளவா இருந்தா, வெட்டுப்பட்டா ரத்தம் நிக்கும். அதிகமானா, வெட்டே படாம உள்ளேயே உறையும். எவ்வளவு இருக்கணும்னு ஒரு பங்கை நம்ம பரம்பரை முடிவு பண்ணுது. இன்னொரு பங்கை நம்ம பொழுது முடிவு பண்ணுது. எவ்வளவு நேரம் உக்கார்றோம், எவ்வளவு தண்ணி குடிக்கிறோம், என்ன மாத்திரை போடறோம், எல்லாம் சேர்த்திதான். இந்தப் பட்டை ரெண்டையும் கூட்டிப் பார்த்து, எவ்வளவு ஆபத்தோ அவ்வளவுக்கு, ரத்தம் உறையாம இருக்கற மருந்தை உள்ள விடும்."

ஒரு தடவை எச்சிலை எடுத்துக்கொடுத்தால் போதும், பரம்பரைக்கு ஐம்பதுக்கு இவ்வளவு என்று ஓர் எண் வந்துவிடும். அது சாகும் வரைக்கும் மாறாது. பழக்கத்துக்கு ஐம்பதுக்கு இவ்வளவு என்பதைப் பட்டையே ஓயாமல் பார்த்துக்கொள்ளும். ஜீவிதாவின் அறையில் ஒரு திரை வைத்தார்கள். பரம்பரை கெட்டிருந்தால் பெயர் சிவப்பில் வரும், நன்றாக இருந்தால் பச்சையில் வரும்.

முதலில் பெண்கள் மிரண்டார்கள். கையில் ஊசியோடு எப்படித் தூங்குவது, பிள்ளைக்குப் பால் கொடுக்கலாமா, நம்மை வேவு பார்க்கவா என்று ஆளுக்கொன்று கேட்டார்கள். ஜீவிதா மிஷின் மிஷினாகப் போய் உட்கார்ந்து பேசினாள். சுமித்ராவின் பெயரைச் சொல்லிப் பேசினாள். அந்தப் பெயருக்கு மறுபேச்சு கிடையாது. ஒரு வாரத்தில் முன்னூற்றுப் பன்னிரண்டு கைகளிலும் பட்டை ஏறிவிட்டது.

சிவப்பில் வந்தவர்கள் பதினேழு பேர். அதில் மேலே நின்றவள் சங்கவி. பரம்பரை நாற்பத்தாறு. அவளுடைய அம்மா கால் வீங்கி, மூச்சு முட்டி, இருபத்தொன்பது வயதில் செத்தவள். சங்கவிக்கு அந்த வருடம் இருபத்தொன்பது நடந்தது. அவளுக்குப் பக்கத்து மிஷின் பானுமதி. பரம்பரை வெறும் இரண்டு. "எங்கப்பன் சொத்து எழுதி வெக்கலீன்னாலும் ரத்தத்தை நல்லதா எழுதி வெச்சுட்டுப் போயிருக்கறான்" என்று கேண்டீனில் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தாள். நல்ல ரத்தக்காரி என்று தெரிந்ததும் அடுத்த ஷிப்டையும் சேர்த்துப் பார்க்க ஆரம்பித்தாள்.

பட்டை கட்டிய பிறகு ஒருவர்கூட விழவில்லை. ஜீவிதா நிம்மதியாகத் தூங்கினாள். ஆனால் ஆறு மாதம் கழித்து மேனேஜர் குழந்தைவேல், பத்து மணி நேரத்தைப் பன்னிரண்டாக்கினார். அப்புறம் இரண்டு டோக்கனை ஒன்றாக்கினார். திரையில் பழக்க எண்கள் மளமளவென்று ஏறின. ஜீவிதா போய்க் கேட்டபோது அவர் கோபித்துக்கொள்ளவே இல்லை. மரியாதையாகத்தான் பதில் சொன்னார்.

"எண்ணு ஏறுனா மருந்து ஏறுது. மருந்து ஏறுனா ஆளு நல்லா இருக்குது. இதுல உங்களுக்கென்னங்க சிஸ்டர் சங்கடம்?"

ஜீவிதா தன் அறைக்குத் திரும்பினாள். நாற்காலியை மாற்றியிருக்கலாம், டோக்கனைக் கூட்டியிருக்கலாம், ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து நடுவில் வைத்திருக்கலாம். அதையெல்லாம் விட்டுவிட்டு ரத்தத்தை மாற்றுகிறார்கள் என்பது வீட்டுக்குப் போய்ச் சோறு வடிக்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது. உறைத்து என்ன பிரயோசனம்? வடித்த கஞ்சியைக் கொட்டிவிட்டுப் படுத்துவிட்டாள்.

சின்னச் சின்ன விஷயங்கள் கண்ணில் பட ஆரம்பித்தன. விரலில் ஊசி ஏறி வருகிறவளுக்குப் பஞ்சு வைத்து அரை மணி நேரம் அழுத்தினாலும் ரத்தம் நிற்பதில்லை. பல் விளக்கினால் ரத்தம் வருகிறது என்று நாலு பேர் சொன்னார்கள். ஒருத்தி வெட்கப்பட்டுக்கொண்டே தொடையைக் காட்டினாள், மேஜையில் லேசாக இடித்த இடம் கத்தரிக்காய் நிறத்தில் கன்றிக் கிடந்தது. ஜீவிதா எல்லாவற்றையும் எழுதி அனுப்பினாள். எல்லாம் வரம்புக்குள்தான் இருக்கிறது என்று ஹேமநாத்திடமிருந்து பதில் வந்தது.

இப்படி இருக்கையில் ஊரில் மாரியம்மன் கோயிலுக்குப் பூச்சாட்டித் திருவிழாவைத் தொடங்கினார்கள். பட்டை வந்த பிறகு வருகிற முதல் நோம்பி. கம்பெனி திங்களிலிருந்து வெள்ளி வரை ஐந்து நாள் லீவு. அதை மட்டும் எந்த முதலாளியும் தொடமுடியாது. தொட்டால் தைக்க ஆள் இருக்காது.

சனிக்கிழமை மத்தியானம் ஜீவிதா மருந்துக் குப்பிகளை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தாள். திரையில் முன்னூற்றுப் பன்னிரண்டு பெயர்களும் வரிசையாக நின்றன, பழக்க எண் எல்லாருக்கும் நாற்பதுக்கு மேல். திங்கட்கிழமை இவர்கள் யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள் என்பது அப்போதுதான் அவளுக்குப் பளிச்சென்று தோன்றியது. வாசல் தெளிப்பார்கள், வீடு மெழுகுவார்கள், செவ்வாய்க்கிழமை ஆற்றிலிருந்து ஏழு மைல் தீர்த்தக்குடம் சுமந்து வெறுங்காலோடு நடப்பார்கள். வழியெல்லாம் பந்தல் போட்டு மோரும் பானகமும் ஊற்றுவார்கள். அப்படியென்றால் பட்டை என்ன செய்யும்? குப்பியைக் கீழே வைத்துவிட்டு ஹேமநாத்துக்குப் போன் செய்தாள்.

பட்டை அன்றன்றைய பழக்கத்தைப் பார்த்து மருந்து விடுவதில்லை, முப்பது நாள் சராசரியைப் பார்த்துத்தான் விடும் என்றான் அவன். தினத்துக்குத் தினம் மாற்றினால் அளவு தாறுமாறாக ஆடுமாம்.

"மனுஷங்க பழக்கம் ஒரே நாள்ல மாறாது மேடம்."

"எங்கூர்ல மாறுங்க" என்றாள் ஜீவிதா. "முன்னூறு பேருக்கும் ஒரே நாள்ல மாறும்."

அந்தப் பக்கம் அவன் ஏதோ தட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது. அவர்கள் சோதித்துப் பார்த்த ஊர்களில் ஆளாளுக்கு வெவ்வேறு நாளில் லீவு எடுப்பார்கள், மொத்த ஊரும் ஒரே நாளில் எழுந்து நடக்கிற மாதிரி யாரும் யோசிக்கவில்லை என்று ஒப்புக்கொண்டான். அங்கிருந்தே பட்டையை நிறுத்த முடியுமா என்று கேட்டாள். முடியும், ஆனால் கம்பெனி எழுதிக் கொடுக்க வேண்டும். குழந்தைவேலிடம் ஓடினாள். லீவு நாளில் பட்டை இல்லாமல் எவளாவது விழுந்தால் யார் பதில் சொல்வது என்று அவர் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். தானாகக் கழற்றுகிறவளுக்கு மிஷின் கிடையாது என்கிற விதியையும் ஒருமுறை ஞாபகப்படுத்தினார்.

இங்கேதான் ஜீவிதா ஒரு முடிவெடுத்தாள். அவசரத்தில் எடுத்த முடிவு. திரையில் யாருக்கு மருந்து அதிகமோ அவர்களுக்குத்தான் ஆபத்தும் அதிகம் என்று நினைத்தாள். பரம்பரையும் பழக்கமும் கூட்டி எண்பத்தெட்டில் நின்றது சங்கவி. திங்கட்கிழமை காலையில் நூல் வெட்டும் கத்தரியைப் பையில் போட்டுக்கொண்டு சங்கவியின் லைன் வீட்டுக்குப் போனாள்.

பத்து வீடுகள் ஒரே கூரைக்குக் கீழே, கடைசியில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு குளியலறை. சங்கவி வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். கையை நீட்டச் சொன்னபோதுதான் ஜீவிதா அதைப் பார்த்தாள். பட்டைக்கு மேலேயே மஞ்சள் கயிறு சுற்றி, மஞ்சள் கிழங்கு வைத்து முடிந்திருந்தது. பூசாரி முந்தின நாள் கட்டிய காப்பு. பட்டை மணிக்கட்டை அடைத்துக்கொண்டிருந்ததால் எல்லாப் பெண்களுக்கும் அதன் மேலேயே இறுக்கிக் கட்டிவிட்டிருந்தார். பட்டையை வெட்டினால் காப்பும் அறும். வெள்ளிக்கிழமை மஞ்சள் நீராடி முடியும்வரை காப்பை அவிழ்க்கக் கூடாது. தீர்த்தம் எடுக்கப் போவதைத் தவிர, கட்டினவள் ஊர் எல்லையைக்கூடத் தாண்டமாட்டாள்.

சங்கவி கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

"வேண்டாமுங்க்கா. அம்மா வயசைத் தாண்டிப் போயிரணும்னுதான் குடமெடுக்கறதா நேர்ந்திருக்கறேன். காப்பை அறுத்தா சாமி குத்தமாயிரும்."

"தாண்டறதுக்குத்தான் கண்ணு வெட்டச் சொல்றேன். சாமி கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன்."

வெகு நேரம் கெஞ்சிய பிறகு அவள் கையைக் கொடுத்தாள். கத்தரி இரண்டையும் சேர்த்து வெட்டியது. ஜீவிதா அறுந்த கயிற்றை எடுத்து, வெறும் மணிக்கட்டில் மறுபடி முடிச்சுப் போட்டுவிட்டாள். சங்கவி அழுதாள். அடுத்த வீட்டு வாசலில் பானுமதி குடம் விளக்கிக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் வெட்டோணுமாக்கா?"

"உனக்குப் பச்சைதானே. உனக்கொண்ணும் ஆகாது, போ" என்றாள் ஜீவிதா.

பானுமதி சிரித்துக்கொண்டே குடத்தைக் கவிழ்த்து வைத்தாள். ஜீவிதா சிவப்பில் இருந்த மற்ற பதினாறு பேர் வீட்டுக்கும் அன்றைக்கே அலைந்தாள். ஒருத்தியும் கையை நீட்டவில்லை. ஒரு வீட்டில் மாமியார்க்காரி கதவையே சாத்திவிட்டாள். என்ன செய்வது, மேலே நின்றவளுக்காவது வெட்டினோமே என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை தீர்த்தக்குடம் வந்தது. மஞ்சள் சேலையில் நானூறு ஐந்நூறு பெண்கள், முன்னால் மேளம். ஜீவிதா ரோட்டோரம் நின்று பார்த்தாள். குடங்களிலிருந்து சிந்திய தண்ணீரில் தார் ரோடு நனைந்து கிடந்தது. அந்த ஈரத்தில் கால் தடங்கள். சில தடங்களில் சிவப்பு கலந்திருந்தது. ஜல்லி குத்தியிருக்கும், வருடா வருடம் குத்துவதுதான் என்று பக்கத்தில் நின்ற டீக்கடைக்காரர் சொன்னார். ஆனால் தடங்கள் கோயில் வரைக்கும் நிற்காமல் போயின. சங்கவி அந்தக் கூட்டத்தில் இல்லை. காப்பை அறுத்தவள் குடம் எடுக்கக் கூடாதென்று அவளே முடிவு செய்து, கால் சுளுக்கு என்று புருஷனிடம் பொய் சொல்லிவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்குச் சங்கவியின் புருஷன் போன் செய்தான். சுளுக்கு என்றாளே, கால் முழங்கால் வரைக்கும் வீங்கியிருக்கிறது என்றான். ஜீவிதா வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தாள். சங்கவியின் இடது கெண்டைக்கால் மினுமினுவென்று வீங்கி, தொட்டால் சுட்டது. சுமித்ராவின் கால் அப்படியே அவள் முன்னால் கிடந்தது. புருஷனை ஆட்டோ பிடிக்க அனுப்பிவிட்டு, வீக்கத்தின் மேல் போட ஈரத்துணி எடுக்கக் குளியலறைப் பக்கம் போனாள்.

அங்கே பானுமதி தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முன்னால் வாளியில் மஞ்சள் சேலை. சாக்கடையில் ஓடிய தண்ணீர் சிவப்பாக இருந்தது. உதடு வெளுத்து, காது மடல் வெளுத்து, பேசும்போது மூச்சு வாங்கியது.

"மாவிளக்கு முடிஞ்சுதுன்னு நேத்து தள்ளிப்போடற மாத்திரையை நிறுத்துனேன்க்கா. காப்பு அவுத்த பின்னாலதான் வரும்னு பாத்தேன், அதுக்குள்ள வந்துருச்சு. நிக்கவே மாட்டேங்குது. காப்புக் கையோட தூரமாயிட்டேன்னு நான் யாருகிட்டப் போய்ச் சொல்றது?"

ஜீவிதாவுக்கு அந்த நிமிடம்தான் கணக்குப் புரிந்தது. பரம்பரைக்கு லீவு கிடையாது. சங்கவியின் ரத்தத்தில் அவள் அம்மா கொடுத்த நாற்பத்தாறு, நோம்பி என்றாலும் அங்கேயேதான் இருந்தது. அவளுக்குப் பட்டை இன்னும் தேவைப்பட்டது, அதைத்தான் இவள் வெட்டினாள். லீவில் போனது பழக்கம் மட்டும். பழக்கத்துக்கென்று மட்டுமே மருந்து வாங்கிக்கொண்டிருந்தவள் பானுமதி. கூட்டி வந்த நாற்பத்தொன்பதில் நாற்பத்தேழு பழக்கம். உட்காராத இந்த நாலு நாளும், நிறுத்திவிட்ட மாத்திரைக்கும் சேர்த்து, வேண்டாத மருந்து முழுசாக அவள் உடம்பில் இறங்கிக்கொண்டிருந்தது. இன்றைக்கும் இறங்குகிறது. அவளைப் போலப் பச்சையில் இன்னும் இருநூற்றுத் தொண்ணூற்று நாலு பேர் ஊருக்குள் இருக்கிறார்கள். அத்தனை பேரும் நோம்பிக்கென்று போட்ட அந்த மாத்திரையை ஒரே நாளில் நிறுத்தியவர்கள். ஒருத்தியும் வாயைத் திறக்கமாட்டாள்.

கத்தரியை எடுத்துப் பானுமதியின் பட்டையையும் காப்பையும் ஒன்றாக வெட்டினாள். பானுமதி தடுக்கவில்லை, தடுக்கத் தெம்பும் இல்லை.

ஆட்டோவில் ஒரு பக்கம் சங்கவி, மறு பக்கம் பானுமதி, நடுவில் ஜீவிதா. ஒருத்திக்கு ரத்தம் உறைந்துகொண்டிருந்தது, இன்னொருத்திக்கு நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. இருவர் கையையும் பிடித்துக்கொண்டு, நான்தான், நான்தான் என்று அவள் முணுமுணுத்துக்கொண்டே வந்ததாக ஆட்டோக்காரர் பின்னால் சொன்னார். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது பானுமதியின் கை சில்லிட்டுவிட்டது. "பச்சைதானேக்கா" என்று மட்டும் ஒரு தடவை கேட்டாள். உள்ளே கொண்டுபோன கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது.

ஜீவிதா அங்கே நின்று அழவில்லை. அழ நேரம் எங்கே இருந்தது? ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் கோயிலுக்குப் போனாள். சேலையெல்லாம் ரத்தம். கோயில் வாசலில் நின்றவர்கள் விலகினார்கள். பூசாரியிடம் போய் மைக்கைக் கொடுங்கள் என்றாள். அவர் அவள் சேலையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், பிறகு ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தச் சொல்லிவிட்டு மைக்கை எடுத்துக் கொடுத்தார். புனல் ஸ்பீக்கர் ஊரெல்லாம் கட்டியிருந்தது.

"கம்பெனி நர்சு ஜீவிதா பேசறேன். காப்புக் கையோட தூரமானவங்க யாரும் மறைக்காதீங்க. அது சாமி குத்தம் இல்லை. மருந்து. பச்சைப் பேருக்காரங்க அத்தனை பேரும் இப்பவே பட்டையை வெட்டுங்க. காப்பு அறுந்தா அறுகட்டும். சிவப்புப் பேருக்காரங்க மட்டும் வெட்டாம நேரா ஆஸ்பத்திரிக்கு வாங்க. பானுமதி செத்துப் போயிட்டா."

பொது இடத்தில், ஸ்பீக்கரில், மாதவிலக்கைச் சொல்லும் தூரம் என்கிற வார்த்தையை அந்த ஊர் அதுவரை கேட்டதில்லை. ஆண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஐந்து நிமிடம் ஒரு கதவும் திறக்கவில்லை. பிறகு ஒரு வீட்டிலிருந்து ஒரு பெண் சுவரைப் பிடித்துக்கொண்டே வந்தாள். அப்புறம் இன்னொருத்தி. செக்கிங்கில் நூல் வெட்டுகிற பெண்கள் தங்கள் கத்தரிகளோடு ஓடிவந்து வீதி வீதியாக வெட்டினார்கள். பொழுது சாய்வதற்குள் கோயில் வாசலில் அறுந்த பட்டைகளும் மஞ்சள் கயிறுகளும் குவிந்து கிடந்தன. பத்தொன்பது பேரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பானுமதியையும் சேர்த்து மூன்று பேர் செத்துப்போனார்கள். சங்கவி பிழைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் ஹேமநாத் நேரில் வந்தான். முகம் செத்திருந்தது. நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதிக் கொடுங்கள் மேடம், மேலே கொண்டுபோகிறேன் என்றான். ஜீவிதா பதினாறு பக்கம் எழுதினாள். பன்னிரண்டு மணி நேர ஷிப்டைப் பற்றி எழுதினாள், ஒற்றை டோக்கனைப் பற்றி எழுதினாள், தண்ணீர் குடிக்காததைப் பற்றி, மாத்திரையைப் பற்றி, தான் தப்பான கையில் பட்டையை வெட்டியதைப் பற்றி, எல்லாம் எழுதினாள். பதினோராம் பக்கத்தில் ஒரு வரி: மரணங்களுக்கு உடனடிக் காரணம், பழக்கம் திடீரென்று மாறியது.

ஒன்றரை மாதம் கழித்துக் கேண்டீனில் கூட்டம் போட்டார்கள். சுவரில் பெரிய எழுத்தில் அந்த ஒரு வரி மட்டும் மாட்டியிருந்தது. கீழே, செவிலியர் ஜீவிதா அறிக்கையிலிருந்து என்று அவள் பெயர். குழந்தைவேல் எழுந்து, சிஸ்டருக்கு எல்லாரும் கை தட்டுங்கள் என்றார். தட்டினார்கள். பிறகு புது ஏற்பாட்டைச் சொன்னார். இனிமேல் கழற்ற முடியாத பட்டை. முப்பது நாள் சராசரியை மாற்ற முடியாதாம், அதை மாற்றினால் வேறு கோளாறுகள் வருமாம். ஆகவே மாறக்கூடாதது பழக்கம். சேர்ந்தாற்போல் லீவு கிடையாது. ஞாயிற்றுக்கிழமையும் நோம்பி நாளும் வீட்டிலேயே இருக்கலாம், ஆனால் அதே பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்கு நாற்காலியைக் கம்பெனியே கொடுக்கும்.

"உங்க உசுருக்காகத்தானுங்க" என்றார். அவர் குரலில் பொய் இல்லை. அதுதான் ஜீவிதாவுக்குத் தாங்கமுடியாமல் இருந்தது.

அந்த வாரமே லாரியில் நாற்காலிகள் வந்து இறங்கின, ஆள் எழுந்தால் அணைகிற சின்ன விளக்கு ஒன்று கைப்பிடியில் இருந்தது. ஜீவிதா வேலையை விட்டுவிடலாம் என்றுதான் இருந்தாள். ராஜினாமாவைக்கூட எழுதினாள். ஆனால் திரைக்கு முன்னால் வேறொருத்தி வந்து உட்கார்ந்தால் அவளிடம் கத்தரி இருக்குமா என்று தோன்றியது, கிழித்துப் போட்டுவிட்டாள். புதுப் பட்டையில் கத்தரி இறங்காது. தெரிந்தும் அதைப் பையில் வைத்திருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் குப்பி மாற்ற லைன் வீட்டுக்குப் போனாள். பத்து வாசலிலும் பத்து நாற்காலிகள், சாம்பல் நிறம். பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் மிஷின் இல்லை, துணி இல்லை. ஒருத்தி உட்கார்ந்தபடியே பிள்ளைக்குத் தலை பின்னினாள். பானுமதியின் வாசலில் புதுக் குடித்தனம், யாரோ ஒரு புதுப் பெண், அவளும் உட்கார்ந்திருந்தாள். தண்ணீர்ச் சொம்பு யார் பக்கத்திலும் இல்லை.

சங்கவிக்கு முந்தின நாள்தான் இருபத்தொன்பது முடிந்து முப்பது பிறந்திருந்தது. அம்மா வயதைத் தாண்டிவிட்டாள். ஜீவிதா அதைச் சொல்லிச் சந்தோஷப்பட வாங்கிவந்த மைசூர்பாவைக் கொடுத்தாள். அவள் பாதியைக் கடித்துவிட்டு மீதியை மடியில் வைத்துக்கொண்டாள். வீங்கிய கால் இன்னும் முழுசாக வற்றவில்லை. வெளியே வெயில் இதமாக இருந்தது. தெருமுனை வரைக்கும் நடந்துவிட்டு வரலாம் வா என்று சொல்லத்தான் ஜீவிதா வாயெடுத்தாள்.

அதற்குள் சங்கவி நாற்காலியின் கைப்பிடியில் எரிந்த சின்ன விளக்கைப் பார்த்தாள். பிறகு மணிக்கட்டைப் பார்த்தாள். பிறகு ஜீவிதாவைப் பார்த்தாள்.

"எந்திரிக்கலாமுங்களாக்கா?"

சுமித்ராவிடம் ஒன்றும் ஆகாது என்று சொன்னவள் ஜீவிதா. பானுமதியிடமும் அதையேதான் சொன்னாள். வரிசையில் மற்ற ஒன்பது பேரும் பேச்சை நிறுத்திவிட்டு அவள் முகத்தையே பார்த்தார்கள். ஜீவிதா சங்கவியின் காலடியில் தரையில் உட்கார்ந்தாள். வீங்கிய காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.